57ஆம் மாடியிலிருந்து எதை எண்ணுவது?

மெரினா பே சாண்ட்ஸின் உச்சியில் நின்றால் சிங்கப்பூரில் ஏறக்குறைய எல்லாம் தெரியும். மெரினா பே சாண்ட்ஸ் மட்டும் தெரியாது.

இது என் சொந்த ஜோக் இல்லை. ஈஃபில் கோபுரத்தைப் பற்றி ரோலான் பார்த் எழுதிய கட்டுரை, மாப்பசான் அந்தக் கோபுரத்து உணவகத்துக்கே போய்ப் போய்ச் சாப்பிட்ட கதையோடுதான் தொடங்குகிறது. மாப்பசானுக்குக் கோபுரத்தைப் பிடிக்காது. ஆனால் பாரிஸில் அது கண்ணில் படாத ஒரே இடம் அதன் உள்ளேதான். பார்த் அதிலிருந்து வெகுதூரம் போகிறார்: இந்தக் கோபுரம் பார்க்கப்படும் பொருள், பார்க்கும் இடமும் அதுவே என்கிறார். அவருக்குப் பின்னால் வந்த மிஷெல் த செர்த்தோ, நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தில் 110ஆம் மாடியில் நின்றுகொண்டு வேறொன்று சொன்னார். அவ்வளவு உயரத்திலிருந்து நகரம் ஒரு பக்கத்தைப் போல வாசிக்கக் கிடைக்கிறது, கீழே நடப்பவர்களோ தாங்கள் எழுதுவதைத் தாங்களே வாசிக்க முடியாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று. இலக்கியக் கோட்பாடு படித்த எல்லோருக்கும் இந்த இரண்டும் தெரிந்திருக்கும். நானும் இவற்றைத் தலையில் சுமந்துகொண்டுதான் லிஃப்டில் ஏறினேன். ஆனால் ஷாம்பெயின் கோப்பை கைக்கு வந்ததும் இரண்டு பேருமே போதவில்லை. உயரத்தின் பார்வை இப்போது மெனுவில் இருக்கிறது. குடிப்பதற்குத் தருவதைப் போலவே பார்ப்பதற்கும் ஒரு விலை போட்டு, அதன்மேல் சேவைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்த்து, சிங்கப்பூர்க்காரர்கள் செல்லமாக ‘பிளஸ் பிளஸ்’ என்கிற அந்தக் கணக்கில் பில் வருகிறது. அன்று ஒரு கோப்பைக்கு முப்பது வெள்ளிக்கு மேல் கொடுத்தேன். அதில் திராட்சைக்கு எவ்வளவு, காட்சிக்கு எவ்வளவு?

‘ரூஃப்டாப் பார்’ என்பதைத் தமிழில் ‘மொட்டைமாடி பார்’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சிரிப்பு வருகிறது இல்லையா? அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நமக்கு மொட்டைமாடி என்றால் வடகம் காயும் இடம். தண்ணி டேங்க், துணிக்கொடி, கரண்ட் போன ராத்திரியில் விரித்த பாய். பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிவிட்டுப் போய் அழுவதற்கான இடமும்கூட. பையன்களுக்கு இன்னொன்றும் உண்டு. திருவல்லிக்கேணி மேன்ஷன்களின் மொட்டைமாடியில் நியூஸ்பேப்பர் விரித்து, மிக்சர் பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டி, பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றிக் குடித்த கதைகள் தமிழ் ஆண்களின் நினைவில் ஏராளம் கிடக்கின்றன. அங்கேயும் ‘வியூ’ இருந்திருக்கும். யாரும் அதைப் பற்றி எழுதியதாக எனக்கு நினைவில்லை. குடிக்கிறவர்கள் ஊரைப் பார்க்கப் போகவில்லை. ஊர் தங்களைப் பார்க்காமல் இருக்கவே மேலே ஏறினார்கள்.

டாஸ்மாக் பார் இதே தர்க்கத்தின் தரைத்தள வடிவம். 2003இல் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்ட பிறகு தமிழ்நாட்டில் குடி என்பது ஜன்னல் இல்லாத ஒரு அனுபவமாகிவிட்டது. தகரம், இருட்டு, ஈரத் தரை, வெளியிலிருந்து பார்த்தால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியக்கூடாத ஏற்பாடு. நான் உள்ளே போனதில்லை. வாசலைக் கடக்கும்போது அந்தப் பக்கம் திரும்பாமல் நடக்கச் சொல்லி வளர்க்கப்பட்டவள். ஆக, தமிழ்நாட்டில் குடிக்கும் இடம் ஒளிந்துகொள்வதற்கான இடம். 57ஆம் மாடியில் குடிக்கும் இடம் காட்டிக்கொள்வதற்கான இடம். அங்கே இருட்டு வெட்கத்தை மறைக்கிறது. இங்கே, ஃபோன் திரை நன்றாகத் தெரியட்டும் என்பதற்காக விளக்கைக் குறைத்து வைத்திருக்கிறார்கள்.

என்னைக் கூட்டிப்போனவள் என் பள்ளித் தோழி. பத்து வருடமாக அங்கே ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை. நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு செர்த்தோவைப் பற்றி ஆரம்பித்ததும் அவள் நிறுத்திவிட்டாள்.

“ஏன்டி, இங்கயும் வந்து கட்டுரை எழுதிடாத. நான் எதுக்கு இங்க வர்றேன் தெரியுமா? ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தாலும் ஒருத்தன் திரும்பிப் பாக்க மாட்டான். எல்லாரும் வெளியதான் பாத்துட்டு இருப்பான். ஊர்ல எனக்கு இப்பிடி ஒரு இடம் காட்டு, நான் இந்த முப்பது வெள்ளிய மிச்சம் பண்ணிக்கிறேன்.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. உயரத்துப் பார்வையை ஆதிக்கத்தின் பார்வை என்று எழுதுவது சுலபம். விமரிசனத்தில் அது மனப்பாடப் பகுதி மாதிரி ஆகிவிட்டது. ஆனால் எல்லோருடைய கண்ணும் வேலிக்கு வெளியே நகரத்தின் மேல் குத்தி நிற்பதால், பக்கத்து மேசையில் இருக்கும் பெண்ணுக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைக்கிறது. பார்த்தோ செர்த்தோவோ இதை யோசித்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் எங்கே உட்கார்ந்தாலும் யாரும் முறைத்திருக்க மாட்டார்கள்.

சரி, காட்சிக்கு வருவோம். என்ன தெரிகிறது?

கட்டடத்தின் விவரம் முதலில். மோஷே சஃப்டி வடிவமைத்தது, 2010இல் திறந்தது. மூன்று கோபுரங்கள், அவற்றின் தலையில் கப்பல் மாதிரி 340 மீட்டர் நீளத்துக்கு ஒரு தோட்டம், நீச்சல் குளம், பார்கள். தரையிலிருந்து சுமார் 200 மீட்டர். மேற்கே திரும்பினால் வங்கிக் கோபுரங்கள். அவற்றின் காலடியில் ஃபுல்லர்டன் ஹோட்டல். 1928இல் திறந்த அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் தலைமைத் தபால் நிலையமாக இருந்தது. அதற்கு முன்னால் தண்ணீர் துப்பும் மெர்லையன். மறுபக்கம் போனால் கார்டன்ஸ் பை த பேயின் இரும்பு மரங்கள், அப்புறம் கடல், நங்கூரமிட்டு வரிசையில் நிற்கும் கப்பல்கள். ராத்திரியில் அந்தக் கப்பல்களின் விளக்குகளைப் பார்த்தால் கடலுக்குள் இன்னொரு ஊர் இருப்பது மாதிரி இருக்கும். அழகுதான். இதில் அழகில்லை என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார்.

ஆனால் இந்தப் பக்கத்தில் எழுத்துப்பிழைகள் நிறைய. கீழே பளபளக்கும் தண்ணீர் கடல் மாதிரி இருக்கிறது, கடல் இல்லை. 2008இல் மெரினா பராஜ் என்ற தடுப்பணை வந்த பிறகு அது நன்னீர்த் தேக்கம். நாம் நிற்கும் கட்டடம் நிலத்தில் நிற்பது மாதிரி இருக்கிறது; அந்த இடம்தான் கடலாக இருந்தது. 1970களில் தொடங்கி மண் கொட்டி நிரப்பி எடுத்த தரை அது. கடல் இருந்த இடத்தில் நிலம், நிலம் மாதிரி தெரியும் இடத்தில் பழைய கடல், கடல் மாதிரி தெரியும் இடத்தில் குடிதண்ணீர். உயரத்திலிருந்து பார்த்தால் ஊர் தெளிவாக விளங்கும் என்கிற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை.

வங்கிக் கோபுரங்களுக்கு நடுவில் 280 மீட்டர் உயரத்தில் கேப்பிட்டாஸ்பிரிங் நிற்கிறது. 2021இல் கட்டி முடித்தது, நடுநடுவே பச்சைச் செடிகள் பிதுங்கும் கட்டடம். அதன் உச்சியிலும் தோட்டம், அங்கேயும் உணவகம். அது நிற்கும் மார்க்கெட் ஸ்ட்ரீட்டைத் தமிழர்கள் செட்டித் தெரு என்று சொன்ன காலம் உண்டு. செட்டியார்களின் கிட்டங்கிகள் அங்கேதான் இருந்தன. தரையில் உட்கார்ந்து, முன்னால் ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டகம், ஒரு கணக்குப் புத்தகம். ஆளுக்குச் சில அடி இடம், அதற்குள் மலாயா முழுவதற்கும் வட்டிக்குப் பணம் போயிற்று. கிட்டங்கிகளை இடித்தாகிவிட்டது. பணம் மட்டும் அதே தெருவில் செங்குத்தாக வளர்ந்திருக்கிறது.

அதற்கு வடக்கே, மரங்களுக்கு நடுவே, வெள்ளையாக ஒரு ஊசிக்கோபுரம். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். 1850களின் பிற்பாதியில் தொடங்கி இந்தியாவிலிருந்து கப்பலில் நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்தது. சுவர்களின் வெண்மைக்கு மதராஸ் சுண்ணம் பூசினார்கள். சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சமையல் குறிப்பு புதிதாக இருக்காது. மேலிருந்து பார்த்தால் இது ‘பழைய வெள்ளை சர்ச்’. கிட்டே போய்ச் சுவரைத் தொட்டால்தான் தேங்காய் மட்டை.

கோப்பைக்குள்ளும் இதே கதை ஓடுகிறது என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யம். ஷாம்பெயினை ஷாம்பெயின் என்று சொல்ல வேண்டுமானால் அது பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியில் விளைந்திருக்க வேண்டும். புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வேண்டும். குறைந்தது 15 மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும். உள்ளே ஏறும் அழுத்தம் சுமார் 6 வளிமண்டலம், கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எனக்கு மிகப் பிடித்த விவரம் குமிழ் பற்றியது. குமிழ்கள் ஷாம்பெயினிலிருந்து தானாக உருவாவதில்லை. கோப்பையைத் துடைத்த துணியின் நுண்ணிய இழைகளும் காற்றில் மிதந்து வந்த தூசியும் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். அவற்றுக்குள் சிக்கிய காற்றிலிருந்துதான் சரம் சரமாகக் குமிழ் கிளம்புகிறது. மாசே இல்லாத கோப்பையில் ஊற்றினால் ஷாம்பெயின் சும்மா கிடக்கும். ஆடம்பரத்தின் அடையாளமாக நாம் படமெடுக்கும் அந்தக் குமிழ்ச்சரம், யாரோ ஒருவர் சமையலறையில் துணியால் துடைத்த வேலையின் மிச்சம்.

வெகுதூரத்தில் இருக்கும் அந்தத் திராட்சைத் தோட்டங்களும் காட்சி அட்டையில் தெரிவதுபோல அமைதியானவை இல்லை. 1911இல் அங்கே விவசாயிகள் கலகம் செய்தார்கள். வெளியூர்த் திராட்சையை மலிவாக வாங்கி வந்து ஷாம்பெயின் என்று விற்ற முதலாளிகளின் கிடங்குகளை உடைத்தார்கள், தெருவில் மது ஓடியது. இது பழைய கதை என்றால் புதுசும் உண்டு. 2023 அறுவடைக்கு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்களைத் தங்கவைத்த நிலைமைக்காக, 2025 ஜூலையில் பிரெஞ்சு நீதிமன்றம் மூன்று பேரை மனிதக் கடத்தல் வழக்கில் தண்டித்தது. தொழிலாளர் விடுதி, நெரிசல், கழிவறை, ஏஜெண்ட். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ சொந்தக்காரர் இருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இந்த வார்த்தைகளை விளக்க வேண்டியதில்லை.

நான் மேலே நின்று செராங்கூன் சாலையைத் தேடினேன். வடக்கே, அடுக்குமாடி வீடுகளுக்கு இடையில் எங்கோ இருக்க வேண்டும். லிட்டில் இந்தியாவின் ஓட்டுக்கூரைகளைப் பிரித்தெடுக்க முடியவில்லை. தோழி கையை நீட்டி “அங்கனக்குள்ளதான்” என்றாள். அவ்வளவுதான் கிடைத்தது.

அங்கே 2013 டிசம்பர் 8, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, தொழிலாளர்களை விடுதிக்குக் கூட்டிப்போகும் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி 33 வயதுத் தமிழ்த் தொழிலாளி ஒருவர் இறந்தார். அதன்பின் மூண்ட கலவரம், நாற்பது வருடங்களுக்கும் மேலாகச் சிங்கப்பூர் பார்க்காதது. விசாரணைக் குழு சொன்ன காரணங்களில் மதுவும் ஒன்று. 2015இல் சட்டம் வந்தது: இரவு 10:30 முதல் காலை 7 வரை நாடு முழுவதும் பொது இடங்களில் குடிக்கக்கூடாது. லிட்டில் இந்தியாவுக்கும் கெய்லாங்குக்கும் கூடுதல் கட்டுப்பாடு. லிட்டில் இந்தியாவில் சனி காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிப்பதே குற்றம்.

கவனியுங்கள், சட்டம் ‘பொது இடம்’ என்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு புல்தரையில் உட்கார்ந்து ஒரு டின் பீரைத் திறந்தால் அது பொது ஒழுங்குப் பிரச்சினை. அதே மணிக்கு, அதே ஊரில், 200 மீட்டர் உயரத்தில் இருந்தால் அது ‘நைட் லைஃப்’. சிங்கப்பூர் அரசு இதைக் கெட்ட எண்ணத்தோடு செய்தது என்று நான் வாதாடப்போவதில்லை. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களின் புகார்கள் கலவரத்துக்கு முன்பே இருந்தன. நான் சொல்ல வருவது வேறு. விடுதியில் பத்துப் பேரோடு ஓர் அறையைப் பகிர்பவனுக்குத் தனியிடம் என்று ஒன்று இல்லை. அவனுடைய மொட்டைமாடி அந்தப் புல்தரைதான். ஒரே மதுவுக்கு இரண்டு இலக்கணம் இருக்கிறது, இரண்டையும் பிரிப்பது போதையின் அளவு இல்லை, வாடகை.

இதையெல்லாம் நம் எழுத்து எப்படி எதிர்கொள்கிறது? எனக்குத் தெரிந்து இரண்டே இரண்டு டெம்ப்ளேட்.

முதலாவது வாய்பிளக்கும் பயணக்கட்டுரை. ‘மொத்தச் சிங்கப்பூரும் என் காலடியில்’ ரகம். இன்ஸ்டாவில் இதன் ஒருவரி வடிவம் கிடைக்கும், தூக்கிப் பிடித்த கோப்பை, பின்னால் மங்கலான விளக்குகள். ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ படம் 2018இல் இதே மாடியில்தான் தன் கடைசிக் கொண்டாட்டத்தை நடத்தி முடித்தது. அந்தப் படத்தில் இந்திய முகங்கள் பெரும்பாலும் காவலுக்குத்தான் நிற்கும்.

இரண்டாவது, இதற்குப் பதிலடியாக எழுதப்படும் வியர்வைக் கவிதை. ‘இந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு கல்லிலும் எங்கள் ரத்தம்’ ரகம். நோக்கம் நியாயமானது. ஆனால் ஒரு தொழிலாளியையும் நான் அதில் சந்தித்ததில்லை. கம்பி கட்டுகிறவருக்கும் சாரம் போடுகிறவருக்கும் என்ன வித்தியாசம், இரும்பு வெயிலில் கொதிக்கும்போது எந்தக் கையுறை போடுவார்கள், மதியச் சோறு எத்தனை மணிக்குச் சமைத்தது, எதுவும் இருக்காது. வியர்வை மட்டும் இருக்கும். மேலிருந்து பார்க்கிறவருக்கு மனிதன் புள்ளியாகிறான் என்று குற்றம் சொல்லிவிட்டு, அந்தக் கவிதையும் அவனைத் துளியாக்குகிறது. என்னைக் கேட்டால் முதலாவதைவிட இரண்டாவதுதான் ஏமாற்றமளிக்கிறது. முதலாவது எதையும் வாக்குக் கொடுக்கவில்லை.

இன்பத்தைப் பற்றி எழுதவே தமிழுக்கு வராது என்றும் சொல்ல முடியாது. யவனர் கப்பலில் கொண்டுவந்த மணக்கும் மதுவைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் தர, தினமும் குடித்து மகிழ்ந்திரு என்று நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் புறநானூற்றுப் பாட்டில் ஒரு சொட்டுக் குற்ற உணர்ச்சி இல்லை. இறக்குமதிச் சரக்கு, விலையுயர்ந்த கோப்பை, பரிமாறும் ஆட்கள். ஏறக்குறைய அதே மெனு. சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் கோவலனும் மாடத்தின் நிலாமுற்றத்துக்கு ஏறியதும் உயரத்தின் சந்தோஷத்துக்காகத்தான். ஆனால் அதே புறநானூற்றில் அதியமானை இழந்த ஔவை முதலில் நினைத்துக்கொள்வது கள்ளை: கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் சேர்ந்து குடிப்போம் என்கிற பொருளில். அங்கே மதுவை அளப்பது கொடுக்கிறவனின் கை. நான் உட்கார்ந்திருந்த இடத்தில் கொடுக்கிறவர் யாருமில்லை, 125 மில்லி அளவுக்கோடுதான் இருந்தது.

மூன்றாவதாக ஒரு பார்வை வேண்டுமென்றால் நான் பட்டினப்பாலைக்குப் போவேன். காவிரிப்பூம்பட்டினத்து ராத்திரி. மாடங்களில் குடியும் பாட்டும் ஓய்ந்து விளக்குகள் அணைகின்றன. உரைகாரர்கள் சொல்லும் வழியில் வாசித்தால், அந்த நேரத்தில் கடலில் படகோடு இருக்கும் பரதவர்கள், உயர்ந்த மாடங்களில் இன்னும் எரிந்துகொண்டிருக்கும் விளக்குகளை எண்ணுகிறார்கள். எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வரும் இடம் இது. அவர்கள் வியக்கவில்லை. சபிக்கவுமில்லை. வேலைக்கு நடுவில் எண்ணுகிறார்கள். எண்ணுவதற்குக் கண் ஒவ்வொரு விளக்கிலும் நின்று நகர வேண்டும். அதுவரை நகரத்துக்குள்ளேயே சுற்றிய பாட்டு, அந்த ஓரிடத்தில் கடலில் போய் நின்றுகொண்டு கரையைத் திரும்பிப் பார்க்கிறது. பணக்கார நகரம் ஒன்றை இத்தனை நெருக்கமாகப் புகழும் பாட்டுக்கு அந்த வரி அவசியமே இல்லை. உருத்திரங்கண்ணனார் வைத்திருக்கிறார்.

அந்தப் பரதவர் பார்வைக்கு இன்று சிங்கப்பூரில் ஓர் இடம் உண்டு, மெர்லையன் பூங்கா. ஞாயிறு சாயங்காலம் போனால் பார்க்கலாம். முழுக்கைச் சட்டையை இன் பண்ணி, தலையைப் படிய வாரி, மூன்று நான்கு பேராக வந்து தண்ணீருக்கு முதுகு காட்டி நிற்பார்கள். பின்னால் மூன்று கோபுரமும் கப்பலும். இங்கிருந்து பார்த்தால்தான் மெரினா பே சாண்ட்ஸ் முழுசாகத் தெரிகிறது, காசும் இல்லை. “இன்னும் கொஞ்சம் கையத் தூக்குடா, இப்ப விழுந்துரும்” என்று எடுக்கிறவர் கத்துவார். உள்ளங்கையில் அந்தக் கப்பலைத் தாங்குவது மாதிரி கோணம் பார்த்து எடுப்பார்கள். அப்படி ஒரு படம் எங்கள் வீட்டு வாட்ஸாப் குரூப்பில் இருக்கிறது, சித்தப்பா மகன் வேலைக்குப் போன முதல் வருடம் அனுப்பியது. ஊருக்குத் திரும்பிய பிறகு அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவன் விரல்களுக்கு மேலே மாடியின் விளக்குகள். பதினேழு வரை எண்ண முடிந்தது. அதற்கு மேல் வெறும் பிக்சல்.